நான் சாப்பிட்ட மியூசியம்

போன வியாழக்கிழமை நான் ஒரு மியூசியத்தைச் சாப்பிட்டுவிட்டேன்.

அச்சுப் பிழை இல்லை. அச்சுக் கோப்பவரைத் திட்டாதீர்கள். 'பார்த்தேன்' என்று எழுத வந்து கை தவறவும் இல்லை. களியும் குழம்புமாக, மூன்று தடவை கேட்டு வாங்கி... சாப்பிட்டேன். முடிந்ததும் ஏப்பம்கூட விட்டேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் வயிறு நல்ல பழக்கம். ஆனாலும் 'இத்தனை நாள் வடையோடு நிறுத்தியிருந்தானே, இப்போது கட்டடத்திலேயே வாய் வைத்துவிட்டானா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சொல்கிறேன்.

விஷயம் ஓர் இன்லண்ட் லெட்டரில் ஆரம்பித்தது. ஜவ்வாது மலையில் அத்திமரத்தூர் என்ற ஊரிலிருந்து கோவிந்தன் என்ற வாசகர் எழுதியிருந்தார். பஞ்சாயத்து ஆபீசில் வாட்ச்மேன். செங்கத்தில் ஹாஸ்டலில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர். சந்தைக்குச் செங்கம் இறங்கும்போதெல்லாம் சலூனில் உட்கார்ந்து இந்தப் பத்தியைப் படிப்பாராம். 'முடி வெட்டிக்கொள்ளாத வாரத்திலும் போய்ப் படிக்கிறேன்' என்று எழுதியிருந்தார். இதற்கு மேல் ஒரு எழுத்தாளனுக்கு என்ன விருது வேண்டும்?

அவர் எழுதியதன் சாரம் இதுதான்: 'எங்கள் முன்னோர் இந்த மலைக்கு எங்கிருந்து வந்தார்கள், எப்படி வந்தார்கள், எதைச் சுமந்து வந்தார்கள் என்று காட்ட ஒரு மியூசியம் வைத்திருக்கிறேன். ஒரே ரூம். வியாழக்கிழமை மூன்று மணிக்கு வேலூரிலிருந்து ஆபீசர் பார்வையிட வருகிறார். அவருக்குப் பிடித்தால் ரூம் எங்களுக்கு. பிடிக்காவிட்டால் உர மூட்டைகளுக்கு. பத்திரிகைக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் ஆபீசர் கொஞ்சம் நிதானமாகப் பேசுவார். அவசியம் வரவும்.'

துள்ளிக் குதித்துவிட்டேன்.

நானும் எத்தனையோ மியூசியம் பார்த்திருக்கிறேன். ராஜா குத்திய கத்தி, ராணி பார்த்த கண்ணாடி, யானையின் எலும்பு... ஆனால் சாதாரண ஜனங்கள் மூட்டை முடிச்சோடு குடிவந்த கதைக்கு ஒரு மியூசியமா? அதுவும் மலை மேல்? அதுவும் ஒரு வாட்ச்மேன் வைத்ததா? புறப்படாமல் இருந்தால் நான் மனுஷனா?

'செங்கம் வழியாக வரவும், ரோட்டில் காத்திருப்பேன்' என்று கடிதத்தில் கோடு போட்டு எழுதியிருந்தார். நான் புத்திசாலி அல்லவா? வீட்டில் இருந்த பழைய மேப்பைப் பார்த்தேன். அமிர்தியிலிருந்து அத்திமரத்தூர் ஒரு விரற்கடை தூரம்தான். செங்கம் சுற்று எதற்கு?

வேலூரிலிருந்து முதல் பஸ்ஸில் அமிர்தி போய் இறங்கினேன். வனத்துறை ஆள் ஒருவர் ஒற்றையடிப் பாதையைக் காட்டிவிட்டு, என் புதுச் செருப்பை ஒரு முறை இரக்கத்தோடு பார்த்தார். ஏன் பார்த்தார் என்பது அரை மணி நேரத்தில் புரிந்தது. அந்த ஒரு விரற்கடை முழுக்கச் செங்குத்து. பதினொரு மணி சுமாருக்குச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, நாய் மாதிரி இளைத்துக்கொண்டு ஊருக்குள் நுழைந்தேன்.

முதல் வீட்டு வாசலில் ஓர் அம்மாள் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். 'யார் நீ' என்று கேட்கவில்லை. 'சௌக்கியமா' என்றும் கேட்கவில்லை.

"எந்த வழியா வந்தே சாமி?" என்றார்.

அந்த ஊரில் அதுதான் முதல் கேள்வி. யார் வந்தாலும் அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் குடிக்க வேண்டும்.

"அமிர்தி வழியாங்க."

"அய்ய! அந்த வழியில மாடே வராதே! உனக்கோசரம் என் கொய்ந்தன் செங்கம் ரோட்டாண்ட நின்னுக்கினு கீறான். நீதானே பேப்பர்ல எய்துறவரு? நான் கோவிந்தனுக்கு அண்ணி. குப்பம்மா. குந்து, குந்து."

மலையில் எல்லோரையும் 'நீ' என்றுதான் சொல்கிறார்கள். மரியாதை குரலில் இருக்கிறது. என் மகன் என்னை 'நீங்கள்' என்று சொல்லும்போது இந்த அளவு மரியாதை கிடைத்ததாக ஞாபகம் இல்லை.

உள்ளே ஏகத் தடபுடல். எனக்காகத்தான்! செல்வி என்ற பெண் சாமை குத்திக்கொண்டிருந்தாள். குப்பம்மா திருகையின் முன்னால் உட்கார்ந்து கேழ்வரகு அரைக்க ஆரம்பித்தார். மலையில் அதற்கு எந்திரக்கல் என்று பெயர். மேல் கல் சுற்றச் சுற்ற, விளிம்பில் மாவு மழை மாதிரி உதிர்ந்தது.

எனக்குக் கை பரபரத்தது. "நான் ஒரு சுற்று சுற்றட்டுமா?" என்றேன்.

"சுத்தேன்."

சுற்றினேன். கல் அசையவில்லை. நான்தான் சுற்றினேன்.

"இன்னா சாமி, பேனா புடிக்கிற கைக்கு முளைக்குச்சி புடிக்க வர்லியா?" என்றார் குப்பம்மா. செல்வி உலக்கையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

அப்போது ஒன்றைக் கவனித்தேன். கல்லின் ஓரத்தில் சுண்ணாம்பால் '1' என்று எழுதியிருந்தது. உலக்கையில் '2'. களி கிண்ட எடுத்து வைத்திருந்த வெண்கலக் குண்டானில் '3'. தேன் வைத்திருந்த சுரைக்குடுவையில் '4'. அடடா, வீட்டுச் சாமானுக்கு நம்பர் போட்டு வைத்திருக்கிறார்களே, என்ன ஒழுங்கு, என்ன ஒழுங்கு என்று வியந்து நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன்.

இருபது வருஷமாகப் பத்திரிகையில் எழுதுகிறேன். என் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது. புத்திக்குப் போய்ச் சேருவதுதான் கொஞ்சம் தாமதமாகும்.

சுடச்சுடக் களி. அவரைக்கொட்டைக் குழம்பு. சாமைச் சோற்றின் மேல் தேன். மூன்று தடவை என்றேனே, மூன்றாவது தடவை வேண்டாம் என்பதற்காகக் கையை நீட்டினேன். அவர்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை.

கை கழுவும்போது, யாரோ போய்ச் சொல்லி, கோவிந்தன் ஓட்டமாக வந்து சேர்ந்தார். முப்பது வயது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

"வாங்க சார், வாங்க! ஆபீசர் வர்றதுக்கு இன்னும் நேரம் கீது. மொதல்ல நீங்க பாத்துடுங்க. ராத்திரி பூரா தொடைச்சி, அடுக்கி, நேர் பண்ணி வெச்சிக்கிறேன்!"

பஞ்சாயத்து ஆபீசை ஒட்டி ஓர் அறை. முன்னால் சின்னத் தாழ்வாரம். கதவில் பூட்டு கிடையாது, ஒரு குச்சி. குச்சியை உருவிக் கதவைத் தள்ளினார்.

சுவர் முழுக்க ஒரு படம். செம்மண்ணும் சுண்ணாம்பும் கரைத்து அவரே வரைந்தது. கீழே ஒரு மூலையில் காஞ்சிபுரம். மேலே மலை. நடுவில் ஆறு, காடு, கணவாய். ஜனங்கள் வந்த தடம் மூன்று கோடுகளாக வளைந்து வளைந்து ஏறியது. வரிசையாகக் குட்டிக் குட்டி மனிதர்கள், எல்லோர் தலையிலும் சுமை. எனக்கு மயிர் கூச்செறிந்தது.

"எது சரியான வழி?" என்று கேட்டேன்.

"ஊர்ல மூணு பெரியவங்களைக் கேட்டேன் சார். மூணு பேரும் வேற வேற வழி சொன்னாங்க. மூணையும் போட்டுட்டேன். ஒண்ணை வுட்டா ஒர்த்தர் இந்தப் பக்கமே வர மாட்டாரு."

சரித்திரம் எழுதுகிறவர்கள் கவனிக்க.

படத்துக்குக் கீழே நான்கு மண் மேடை. ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணி. துணியின் மேல் அழகான கையெழுத்தில் ஓர் அட்டை. அட்டைக்குப் பின்னால்... ஒன்றுமே இல்லை.

"ஐயையோ!" என்று கோவிந்தன் அலறினார்.

திருட்டு! எனக்கு உடனே சுறுசுறுப்பு வந்துவிட்டது. துப்பறியும் கதை எழுத வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. குனிந்து முதல் அட்டையைப் படித்தேன்.

'1. எங்கள் முன்னோர், பெரிய வீட்டுக்காரர்கள், காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து தலையில் சுமந்து வந்த எந்திரக்கல். வழியில் மூன்று இடத்தில் இறக்கி வைத்து இளைப்பாறினார்கள்.'

அடுத்தது. '2. உலக்கை.'

அடுத்தது. '3. வெண்கலக் குண்டான்.'

நான்காவதைப் படிக்கவில்லை. சற்று முன் குறித்த நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன்.

"கோவிந்தன்... அந்த நாலாவது, சுரைக்குடுவையா?"

"ஆமா சார். வெதை சாமை கொண்டாந்தது. எப்பிடித் தெரியும்?"

தெரியும். அதிலிருந்துதான் எனக்குத் தேன் ஊற்றினார்கள்.

சொன்னேன். கோவிந்தன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"குடுக்கும்போதே சொல்லித்தான் சார் குடுத்தாங்க. 'நீ வெச்சிக்கினு இரு, வேணும்னா நாங்க வந்து எடுத்துக்கிறோம்'னு. பக்கத்து வூட்டுல குடுத்து வெச்ச மாதிரியே நெனைச்சிக்கினு கீறாங்க. விருந்தாளி வர்றாருன்னு நான் ஒர்த்தன் வாயை வெச்சிக்கினு சும்மா இல்லாம..."

யோசித்துப் பாருங்கள். நாம் மியூசியத்துக்கு எதைக் கொடுப்போம்? வேண்டாததை. பரணில் இடத்தை அடைக்கிறதை. இவர்கள் வேண்டியதைக் கொடுத்துவிட்டார்கள். காலையும் மாலையும் வேண்டியதை. உலகத்தில் எந்த மியூசியத்துக்கும் வராத சிக்கல் இது!

"மூணு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு. கழுவிக் கொண்டுவந்து வைத்துவிடலாம்" என்று தைரியம் சொன்னேன்.

வாசலில் ஜீப் வந்து நின்றது.

மூன்று மணிக்கு வர வேண்டிய ஆபீசர் பன்னிரண்டரைக்கே வந்துவிட்டார். நம் நாட்டில் இப்படி எப்போதாவது நடந்திருக்கிறதா? எனக்கென்று நடந்தது.

கோவிந்தன் பின்பக்கமாக அண்ணி வீட்டுக்குப் பறந்தார். நான் தனியாக நின்றேன். ஆபீசர் உள்ளே வந்தார். ஒல்லியானவர், ஓய்வு பெற இன்னும் சில வருஷங்களே இருக்கும் என்று தோன்றும் முகம், கக்கத்தில் ஃபைல். படத்தைப் பார்த்தார். மேடைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பொருளெல்லாம் எங்கே?"

இந்த மாதிரி நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பவன் அறிவாளி. நான் வாயைத் திறந்தேன்.

"இது நவீன முறை சார். பொருளைக் காட்டாமல் பார்வையாளரின் கற்பனையைத் தூண்டுவது. இதோ, இங்கே ஓர் எந்திரக்கல் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கனம்! எத்தனை காதம்! மேல்நாட்டில் எல்லாம் இப்போது..."

"உங்க மீசையில மாவு இருக்கு" என்றார் ஆபீசர்.

நான் துடைத்துக்கொண்டேன். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உண்மையைச் சொன்னேன். "சார்... மியூசியத்தை நான் சாப்பிட்டுவிட்டேன்."

அவர் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. அதற்குள் வாசலில் சத்தம். குப்பம்மா தலையில் மேல் கல். செல்வி தலையில் அடிக்கல். கோவிந்தன் ஒரு கையில் உலக்கை, மறு கையில் குடுவை. பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் குண்டானைத் தூக்கிக்கொண்டு. அதில் மிச்சக் களி ஆவி பறந்தது.

"தலைகீயா நின்னு கூப்புடறான். கல்லைக் கயுவக்கூட வுடல" என்று அலுத்துக்கொண்டே கல்லை மேடையில் இறக்கினார் குப்பம்மா.

ஆபீசர் கல்லைச் சுற்றி வந்து பார்த்தார். "எத்தனை வருஷத்துப் பழசும்மா இது?"

"பயசா? காலையிலதான் அரைச்சேன் சாமி."

ஆபீசர் ஃபைலைத் திறந்தார். "இங்க பாருங்க. மியூசியம்னா பொருள் உள்ளேயே இருக்கணும். வெளியே எடுத்துட்டுப் போகக் கூடாது. அப்படிப் போகும்னா என்னால சிபாரிசு பண்ண முடியாது. உர மூட்டையாவது வெச்ச இடத்துல இருக்கும்."

"உள்ளாறவே கெடக்கணுமா? அப்போ எங்க கேவுருக்கு யார் பதில் சொல்றது? அவ்ளோ தூரத்துலேர்ந்து சொமந்தாந்தது அரைக்கிறதுக்கு. சும்மா குந்த வெச்சி வேடிக்கை பாக்கவா? எடுடி செல்வி, போலாம்."

குப்பம்மா குனிந்து கல்லில் கை வைத்தார்.

"அண்ணி..." என்றார் கோவிந்தன்.

பிறகு ஆபீசர் பக்கம் திரும்பினார். "சார், ஹாஸ்டல்ல என்னைக் கேப்பாங்க. 'நீங்கள்லாம் மரத்துலேர்ந்து எறங்குனவங்கதானே'ன்னு. எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. எங்களுக்கும் கீய ஊர் இருந்திச்சு சார். அங்கேர்ந்து நடந்து வந்தோம். எதை எடுக்கணும், எதை வுடணும்னு ரோசனை பண்ணி எடுத்துக்கினு வந்தோம். அதை ஒரு நாலு பேர் பாக்கணும்னுதான் சார் இந்த ரூமைக் கேட்டேன்."

குப்பம்மாவின் கை கல்லின் மேலேயே இருந்தது. எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. கொழுந்தனைப் பார்த்தார். அப்புறம் ஆபீசரைப் பார்த்தார்.

"நீ எந்த வழியா வந்தே சாமி?"

"செங்கம் வழியா."

"அது இன்னிக்கி. உங்க வூட்டுக்காரங்க?"

ஆபீசர் ஃபைலைப் பார்த்தார். ஃபைலில் இந்தக் கேள்வி இல்லை. "சித்தூர் பக்கத்துலேர்ந்து வந்ததா தாத்தா சொல்வார். அப்புறம் எனக்கு டிரான்ஸ்ஃபர். குடியாத்தம், தர்மபுரி, ராமநாதபுரம்... நிறைய ஊர்."

"கல்லு?"

"எந்தக் கல்லு?"

"உங்கம்மா அரைச்ச கல்லு. கூடவே எடுத்துக்கினு போனியா?"

ஆபீசர் ஃபைலை மூடினார். "ராமநாதபுரம் வரைக்கும் இருந்தது. அங்கேயிருந்து கிளம்பும்போது லாரியில இடமில்லை. கிணத்தடியில விட்டுட்டோம்."

"வுட்டுட்டியா! உங்கம்மா ஒண்ணும் சொல்லலியா?"

"ஒண்ணும் சொல்லலை. லாரி கிளம்புற வரைக்கும் அது மேலேயே உட்கார்ந்திருந்தாங்க."

குப்பம்மா 'த்சொ' என்றார். செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். நான்? நான் குடிமாறிய வீடுகளில் எதை எதை விட்டுவிட்டு வந்தேன் என்று எண்ண ஆரம்பித்துப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். ஒரு மியூசியமே வைக்கலாம்.

குப்பம்மா கல்லைத் தூக்கவில்லை. மேடையில் அதை ஒழுங்காக நகர்த்தி உட்கார வைத்தார். அதன் முன்னால் தானும் உட்கார்ந்தார்.

"சரி சாமி. வெளிய போவாது. இங்கியே கெடக்கட்டும். நாங்க இங்க வந்து அரைச்சிக்கினு போறோம். சட்டம் ஒத்துக்குமா?"

ஆபீசர் மறுபடி ஃபைலைத் திறந்தார். ஒரு பக்கம், இரண்டு பக்கம்... மெதுவாகப் புரட்டினார்.

"வெளியே போகக் கூடாதுன்னு இருக்கு. உபயோகிக்கக் கூடாதுன்னு எங்கேயும் இல்லை."

கோவிந்தன் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். உலக்கையோடு!

"குண்டானு?" என்றார் குப்பம்மா, விடாமல். "அதுக்கு அடுப்பு வேணுமே. இங்கியே ஓரமா..."

"ஐயோ, உள்ளே நெருப்பு கூடவே கூடாது!" ஆபீசர் பதறிப்போனார். வெளியே போனார். தாழ்வாரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அடி வைத்து அளந்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார். அரசாங்கம் யோசிக்கிறபோது எவ்வளவு அழகாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். திரும்பி வந்து சொன்னார்: "தாழ்வாரமும் மியூசியக் கட்டடத்தைச் சேர்ந்ததுதான். குண்டான் அதைத் தாண்டக் கூடாது."

"தாண்டாது" என்றார் குப்பம்மா. "குந்து சாமி. களி ஆறுது."

தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஆபீசர் சாப்பிட்டார். அவரும் இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டார். கை கழுவிவிட்டு உள்ளே போய், எந்திரக்கல் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முளைக்குச்சியைப் பிடித்துச் சுற்றினார். கல் சுற்றியது! வழவழவென்று, ஒரு தடங்கலும் இல்லாமல்.

"கத்துக்க சாமி" என்று குப்பம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்.

ஆபீசர் அங்கேயே குறிப்பு எழுதினார். கோவிந்தன் அதை மூன்று முறை படித்தார். மூன்றாவது முறை சத்தமாக. 'பொருட்கள் நல்ல நிலையில் உள்ளன. தினமும் உபயோகத்தில் உள்ளன. அறையை இதற்கே ஒதுக்கலாம்.' கண்ணைத் துடைத்துக்கொண்டு நான்காவது முறை ஆரம்பித்தவரை அண்ணிதான் நிறுத்தினார். "போதும்பா. வயி வுடு. குண்டான் சுடுது."

செய்தி அதற்குள் ஊர் முழுக்கப் போயிருந்தது. முறத்தோடும் கூடையோடும் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். பார்வையாளர் நோட்டு என்று கோவிந்தன் ஒன்று வைத்திருந்தார், அதுவரை யாரும் தொடாத நோட்டு. மை டப்பாவைத் தேடிக்கொண்டு அவர் நிற்பதற்குள் பெண்கள் மாவுக் கையாலேயே கட்டைவிரலை ஒற்றிவிட்டார்கள். முதல் பக்கம் நிமிஷத்தில் கேழ்வரகு நிறமாகிவிட்டது.

ஜீப்பில் ஏறும்போது ஆபீசர் தலையை நீட்டினார். "ஒரு போர்டு வையுங்க. எல்லா மியூசியத்திலேயும் இருக்குமே, 'பொருட்களைத் தொடாதீர்கள்'னு. விதின்னா விதி."

கோவிந்தன் என்னைப் பார்த்தார். எழுத்தாளன் நான் ஒருவன்தானே இருக்கிறேன்? ஒரு பலகையும் சுண்ணாம்பும் வந்தன. பெரிய பெரிய எழுத்தில் 'பொருட்களைத் தொடா' வரைக்கும் எழுதியிருப்பேன்.

"இன்னா எய்துறே?" என்று கேட்டார் குப்பம்மா.

சொன்னேன்.

"தொடாம எப்பிடி சாமி அரைக்கிறது?"

நியாயம்தானே? சுண்ணாம்பைத் தொட்டுக்கொண்டு வாக்கியத்தை அவர் விருப்பப்படியே முடித்தேன். இன்றைக்கு அந்த மியூசியத்தின் வாசலில் போர்டு தொங்குகிறது. நான் எழுதியதிலேயே நான்கு பேருக்கு உபயோகப்படும் ஒரே வாக்கியம்: 'பொருட்களைத் தொடாமல் போகாதீர்கள்.'

டிக்கெட் கிடையாது. ஆனால் போகிறவர்கள் கையோடு ஒரு படி கேழ்வரகு கொண்டுபோங்கள்... சும்மா பார்த்துவிட்டு வர குப்பம்மா விடமாட்டார்.